அப்பாவின் உரிமச் சீட்டு

சென்ற தீபாவளிக்கு என் தமக்கையின் மகன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்கு வந்திருந்தான். டெக்ஸாஸ் மாநிலத்தில் அவன் குடியேறி இருபது ஆண்டுகளாகிவிட்டன. அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். பண்டிகைச் சந்தடி ஓய்ந்த இரவொன்றில், ஜார்ஜ் டவுனில் உள்ள என் வீட்டு முன்கூடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சென்று, துப்பாக்கியில் வந்து நின்றது.

"எங்கள் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத்தடை எதுவும் இல்லாத இருபத்தொரு வயது நிரம்பியவர் தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடமாடலாம், மாமா. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் கதை வேறு. கலிபோர்னியாவில் வேறு எந்த மாநிலத்தின் உரிமமும் செல்லாது. காரில் நெடும்பயணம் போகும்போது குண்டுகளைக் கழற்றி, பெட்டியில் பூட்டி, பின்பக்கச் சாமான் அறையில் வைத்துவிடுவேன். அப்படிக் கொண்டு போகிறவருக்கு, புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அது சட்டப்படி செல்லுமானால், இடையிலுள்ள மாநிலங்களில் பாதுகாப்புத் தருவதற்கு 1986ஆம் ஆண்டிலேயே நடுவண் சட்டம் வந்திருக்கிறது" என்றான்.

சற்று நேரம் கழித்து, "நம் ஊரில் இதெல்லாம் எப்படி மாமா? கெடாவிலிருந்து பினாங்குக்குத் துப்பாக்கி கொண்டுவரலாமா?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு உடல் ஒரு முறை குளிர்ந்து அடங்கிற்று. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லாத செய்தி ஒன்று அக்கேள்விக்குள் இருந்தது. அன்றிரவு அவனிடம் சொன்னதை, சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

என் தந்தையார் தென் கெடாவில், கூலிம் நகருக்கு அப்பாலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நாட்டின் தென்கோடி அது. அங்கிருந்து மேற்கே சிறிது தூரம் வந்தால் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதி தொடங்கிவிடும். பயணம் செய்கிறவருக்கு எல்லை தெரியாது. இருபுறமும் ஒரே பால்மரங்கள், ஒரே செம்மண், ஒரே லயத்து வீடுகள்.

1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31ஆம் நாள் அது முடியும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டப்புறம் துப்பாக்கியின் நிழலில் வாழ்ந்தது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பணம் ஜார்ஜ் டவுன் பீச் ஸ்திரீட் வங்கியிலிருந்து மாதம் ஒரு முறை வரவேண்டும். பணத்தைக் கொண்டுவரும் பொறுப்பு அப்பாவுக்கு. அதற்காகத் தோட்டத்தின் சுழல் துப்பாக்கி ஒன்றை உடன் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. வெள்ளை டிரில் துணியில் தைத்த கோட்டின் உட்புறம், இடது அக்குளின் கீழ் அது தொங்கும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. கோட்டின் வலப்பக்கப் பையில் உரிமச் சீட்டு, எண்ணெய்த் துணியில் மடித்துச் சுற்றப்பட்டிருக்கும்.

எனக்கு அப்போது ஆறேழு வயதிருக்கும். சம்பள நாளன்று அப்பா திரும்பி வந்ததும் நான் ஓடிச்சென்று கட்டிக்கொள்ள முடியாது. துரையின் இரும்புப் பெட்டிக்குள் துப்பாக்கி போன பிறகுதான் அவர் எங்கள் அப்பாவாக வீட்டுக்கு வருவார். அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

வழியில் சாலைத் தடுப்புகள் பல. ஒவ்வொன்றிலும் கார் நிற்கவேண்டும். ஒருமுறை நானும் உடன் சென்றிருந்தேன். துப்பாக்கி ஏந்திய காவலர் காருக்கு அருகில் வந்ததும், அப்பா இரண்டு கைகளையும் முன்பலகையின் மேல் வைத்துக்கொண்டு, "ஐயா, என்னிடம் ஆயுதம் இருக்கிறது. உரிமம் வலப்பக்கப் பையில் உள்ளது. எடுக்கட்டுமா?" என்று மலாயில் கேட்டார். அவர் தலையசைத்த பிறகே கையை அசைத்தார். வீடு திரும்பியதும் என்னிடம் சொன்னார்: "முதலில் வாய். அடுத்தது காகிதம். கடைசியில்தான் கை. இந்த வரிசை மாறினால் ஆள் இருக்கமாட்டான்."

அப்பாவின் இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை அவர் மேடையில் பேசக் கேட்டிருக்கின்றார். தஞ்சை மண்ணில் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, தொழிலாளர் தலைவராக உயர்ந்தவர் கணபதி. 1949 மார்ச் மாதத்தில் அவர் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவசரகால ஒழுங்குவிதிகளின்படி, உரிமமின்றி ஆயுதம் தாங்கினால் தண்டனை மரணம். இந்திய அரசாங்கம் கருணை கோரியும் பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே அவர் கொண்டு சென்றார் என்று நம்மவர் இன்றும் பேசிக்கொள்கின்றனர். அந்தப் பேச்சு அன்றே எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. "ஒப்படைக்கப் போனாராம்" என்று அப்பா மெதுவாகச் சொல்லுவார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

இன்னொரு வழக்கையும் அவர் நினைவில் வைத்திருந்தார். 1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த கைகலப்பொன்றில் காயமுற்றுப் பிடிபட்ட சம்பசிவம் என்ற தமிழர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி தாங்கியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவர், மறுவிசாரணையில் துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்காக மரண தண்டனை பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டில் ஒருவன் குற்றமற்றவன் என்று தீர்ப்பான பின், அத்தீர்ப்புக்கு மாறான சாட்சியத்தின் மீது அவனைத் தண்டிக்கலாகாது என்று 1950இல் முடிவாயிற்று. சம்பசிவத்தின் உயிர் பிழைத்தது. "துப்பாக்கி ஒரு குற்றம், தோட்டா வேறொரு குற்றம், சட்டம் இரண்டையும் தனித்தனியாக எண்ணும்" என்பார் அப்பா. சிறுவனாகிய எனக்கு அது விளங்கவில்லை. பின்னொரு நாள் நன்றாக விளங்கிற்று.

அவசரகாலம் முடிந்தது. சுழல் துப்பாக்கி திரும்பப் போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து அப்பா தம் சொந்தப் பெயரில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். தோட்டத்து இளங்கன்றுகளையும், தொழிலாளர் நட்டிருந்த மரவள்ளியையும் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிடும். அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்துப் பெற்றார். ஆண்டுதோறும் காவல் நிலையம் சென்று புதுப்பித்து வருவார். சீட்டு பழைய எண்ணெய்த் துணியிலேயே இருந்தது.

1976 டிசம்பர் இறுதியில் அப்பா மாரடைப்பால் மறைந்தார். பணியிலிருக்கும்போதே போனதால், வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மாத இறுதிக்குள் காலி செய்யவேண்டும் என்று ஓலை வந்தது. நான் அப்போது ஜார்ஜ் டவுனில் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். வயது முப்பது. அம்மாவைத் தீவுக்கு அழைத்துவந்துவிடுவது என்று முடிவாயிற்று. பொங்கலில்லாத அந்தத் தை மாதத்தில், என் பழைய மோரிஸ் மைனர் காரில் வீட்டுச் சாமான்களைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கடைசி நடையில் துப்பாக்கி மிஞ்சியது.

"அப்பா தொட்ட பொருள். கண்டவன் கையில் விட்டுவிடாதே ஐயா" என்றார் அம்மா. எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. பினாங்கில் காவல் நிலையத்துக்குச் சென்று உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், நிலப்பட்டாவைப் போல அதுவும் மகனுக்கு இறங்கும் என்று நம்பினேன். படித்தவன் என்று பெயர். அறியாமைக்குப் படிப்பு தடையில்லை. குழலையும் கட்டையையும் தனித்தனியே கழற்றி, மெங்குவாங் பாயில் சுருட்டி, அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். அதன்மேல் அம்மா கட்டிக்கொடுத்த சில்லறைச் சாமான்கள். உரிமச் சீட்டைக் காரின் முன்னறையில் போட்டுக்கொண்டேன். அது இருக்கும்வரை பயமில்லை என்பது என் எண்ணம்.

அது எத்தகைய காலம் என்பதை இளைய வாசகர்கள் அறியவேண்டும். 1969 மே மாதத்தில் நாடு முழுவதும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 57ஆம் பிரிவின்படி, அத்தகைய வட்டாரத்தில் சட்ட அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஒரே தண்டனைதான்: மரணம். நீதிபதிக்கு வேறு தண்டனை தரும் உரிமை இல்லை. தகுந்த காரணம் இருந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது.

கூலிம் சாலையைக் கடந்து, புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த் துறைக்கு வந்து சேர்ந்தேன். பாலம் அப்போது கிடையாது. அது 1985இல்தான் திறக்கப்பட்டது. கார்கள் வரிசையாக நின்று பெரிக் கப்பலில் ஏறவேண்டும். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் இருக்கலாம். கட்டணத்துக்குச் சில்லறை தேடி முன்னறையைத் திறந்தேன். எண்ணெய்த் துணி கைக்கு வந்தது. ஏனோ பிரித்துப் படித்தேன். அப்பாவின் பெயர், அப்பாவின் அடையாள அட்டை எண், தோட்டத்து முகவரி, துப்பாக்கியின் எண். எல்லாம் சரியாக இருந்தன. என் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அதே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வரிசையின் முன்னே காவலர் இருவர் ஒரு காரின் பின்கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்தக் கணத்தில் எனக்குக் கணபதியின் நினைவு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் என் மகனின் நினைவுதான் வந்தது. அவனுக்கு அப்போது வயது இரண்டு. கைகள் சக்கரத்தின் மேல் நடுங்கின. பின்னாலிருந்த லாரிக்காரரிடம் இறங்கிச் சென்று, சாமான் ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்லி, வழிவிடக் கேட்டு, காரைப் பின்னோக்கி எடுத்து வரிசையிலிருந்து வெளியேறினேன். கணபதி அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தார். இந்த நிமிடம் என்னை யாரேனும் நிறுத்தினால் நான் என்ன சொல்லுவேன்? "ஒப்படைக்கப் போகின்றேன்" என்பேன். அது உண்மையாகவும் இருக்கும். அதை யார் நம்புவார்?

அருகிலிருந்த காவல் நிலையத்துக்கு ஓட்டிச் சென்றேன். காரைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே நடந்தேன். முதலில் வாய். நரைத்த மீசையோடு மலாய் சார்ஜன் ஒருவர் அமர்ந்திருந்தார். நான் ஆசிரியன் என்பதையும், தந்தை இறந்துவிட்டார் என்பதையும், அவர் துப்பாக்கி வெளியே என் காரில் இருக்கிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடுத்தது காகிதம். எண்ணெய்த் துணியை மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். நீண்ட நேரம் படித்தார்.

"செகு, இந்தப் பொருளோடு எத்தனை மைல் வந்திருக்கிறீர்கள்?"

"இருபது மைல் இருக்கும், என்சிக்."

"உங்கள் தந்தை இறந்த அன்றே இந்தச் சீட்டும் இறந்துவிட்டது. இருபது மைலும் நீங்கள் உரிமம் இல்லாதவர். கெடாவிலும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான். பொருளை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போயிருக்கவேண்டும். அவர்கள் வந்து எடுத்திருப்பார்கள்."

அவரே எழுந்து வந்தார். காரின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். நான் எதையும் தொடக்கூடாது என்றார். பாயைப் பிரித்துக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அம்மாவின் தையல் சாமான்கள் என்று நான் எண்ணியிருந்த மைலோ டின்னைத் தூக்கியபோது அது கனத்தது. மூடியைத் திறந்தார். பதினொரு தோட்டாக்கள்.

எனக்குக் கால்கள் துவண்டன. சம்பசிவத்தின் வழக்கு அப்போதுதான் விளங்கிற்று. துப்பாக்கி ஒரு குற்றம், தோட்டா வேறொரு குற்றம்.

"இது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாது, என்சிக். என் தாயார் கட்டிக்கொடுத்தார். அவருக்கும் இது குற்றமென்று தெரிந்திருக்காது."

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "தெரியாது என்பதை நீதிமன்றத்தில் நீங்கள்தான் நிரூபிக்கவேண்டியிருந்திருக்கும், செகு" என்று மட்டும் சொன்னார். உள்ளே சென்று பதிவேட்டைத் திறந்தார். இறந்த உரிமதாரரின் துப்பாக்கி ஒன்றும் தோட்டா பதினொன்றும் அவர் மகனால் தாமாகவே கொண்டுவந்து ஒப்படைக்கப்பட்டன என்று எழுதினார். நடந்தது நடந்தபடி எழுதப்பட்டது. ஆனால் அதை வேறு விதமாக எழுதவும் அவரால் முடிந்திருக்கும் என்பதை நாங்கள் இருவருமே அறிவோம். எனக்குப் பற்றுச்சீட்டு ஒன்று கொடுத்தார்.

அப்பாவின் உரிமச் சீட்டை மட்டும் நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஆளில்லாத உரிமம் ஆபத்தானது" என்று சொல்லி மறுத்துவிட்டார். எண்ணெய்த் துணியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை பெரிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று ஜார்ஜ் டவுனின் விளக்குகளைப் பார்த்தபோது, அழுகின்றேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம், துப்பாக்கியைப் போலீஸில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "நல்லது ஐயா" என்றார். மைலோ டின்னைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. 1998இல் அவர் கண்மூடும்வரை, தம் கையால் கட்டிய அந்த மூட்டை மகனை எங்கே கொண்டுசென்றிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அதே 1977ஆம் ஆண்டில் பினாங்கு உயர்நீதிமன்றம், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தது. சட்டம் வயதைப் பார்க்க இடந்தரவில்லை. வழக்கறிஞர்களும் பொதுமக்களும் கொதித்தனர். அத்தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. சிறுவன் தூக்குமேடை ஏறவில்லை. அச்செய்தி வந்த நாளிதழைப் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோரும் சத்தமாகப் படித்து வாதாடிக்கொண்டிருந்தனர். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. சக ஆசிரியர்கள் எனக்கு அரசியல் அக்கறை இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

காலம் மாறிவிட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையும் 2023இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமும் இன்றும் நடப்பில் உள்ளன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவர் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும், ஆறு பிரம்படிகளுக்குக் குறையாத தண்டனையும் பெறலாம். உரிமம் வழங்குபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். ஆனால் அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம் நமக்கு இல்லை. தீபகற்பம் முழுவதற்கும் சட்டம் ஒன்றே. இந்தியாவில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் உரிமத்தில், அது எந்தப் பரப்புவரை செல்லும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கின்றேன். ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கேற்பக் கோடு போடுகின்றது.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த என் மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அங்கே துப்பாக்கி உரிமை என்கிறார்கள், மாமா. 2022இல் உச்சநீதிமன்றமே பொதுவிடத்தில் ஆயுதம் தாங்குவது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் மாநில எல்லை வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கலக்கம் வரும். சரியாகத்தான் பூட்டினேனா என்று இறங்கிப் பார்ப்பேன்" என்றான்.

"அந்தக் கலக்கம் இருக்கட்டும்" என்றேன். "உன் தாத்தாவுக்கும் அது இருந்தது. உரிமம் கையிலிருந்தும் இருந்தது. அதனால்தான் அவர் பிழைத்தார். உரிமம் இருப்பதாக நினைத்துக்கொண்ட எனக்கு அது இல்லை. கெடாவுக்கும் பினாங்குக்கும் இடையே உள்ள எல்லையை நினைத்துத்தான் நான் பாயில் சுருட்டினேன். நான் மீறிய எல்லை அப்பாவின் பெயருக்கும் என் பெயருக்கும் இடையில் இருந்தது. அதைத் தோட்டத்து வீட்டு வாசலிலேயே தாண்டிவிட்டேன்."

இன்று அந்தத் துறையில் பழைய பெரிக் கப்பல்கள் இல்லை. புதியவற்றில் கார்கள் ஏறுவதில்லை. அந்தச் சார்ஜன் அப்போதே ஓய்வை நெருங்கியவர். இன்று இருக்க வாய்ப்பில்லை. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டது என் வாழ்நாள் குறைகளுள் ஒன்று. கணபதிக்கு அப்படி ஒரு மேசையும், அப்படி ஒரு மனிதரும், அந்த ஒரு வரிப் பதிவும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. விடை கிடைப்பதில்லை.

பேச்சு முடிந்து எழுந்தபோது, அலமாரியைத் திறந்து அப்பாவின் எண்ணெய்த் துணியை மருமகனிடம் காட்டினேன். மடிப்புகளில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே அந்தப் பற்றுச்சீட்டு. மை மங்கிவிட்டாலும் எழுத்து தெரிகின்றது: துப்பாக்கி ஒன்று, தோட்டா பதினொன்று. அதற்குக் கீழே ஒப்படைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். அந்தத் துப்பாக்கி தொடர்பான காகிதங்களில் என் பெயர் இருப்பது அதில் மட்டும்தான்.